வேடியப்பண்ணன் தைத்த திரை

வேடியப்பண்ணனுக்குப் பெரிய கை. முப்பது வருஷம் கரும்பு வெட்டின கை. உள்ளங்கை காய்த்துப்போய்ப் பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அந்தக் கையில் ஊசியைப் பிடித்தால் ஊசி இருப்பதே வெளியில் தெரியாது. சும்மா விரலைத் துணிமேல் வைத்து வைத்து எடுக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அங்கே ஒரு பச்சை இலை முளைத்திருக்கும்.

எங்கள் வடக்கனந்தல் பக்கத்தில் ஆண்பிள்ளை தைக்கிறான் என்றால் டெய்லர் என்று அர்த்தம். அண்ணனுக்கு மிஷின் மிதிக்கவே தெரியாது. அவருக்குத் தெரிந்தது பூத்தையல் ஒன்றுதான். அதையும் கூலிக்குச் செய்ய மாட்டார். தலையணை உறை, கைக்குட்டை, டிவி மேல் போடுகிற துணி, பேரப்பிள்ளையின் சட்டைப் பை என்று எது கையில் கிடைத்தாலும் அதில் ஒரு பூவோ குருவியோ உட்கார்ந்துவிடும். அவர் எனக்குப் பங்காளி வகையில் அண்ணன். அவர் மனைவி பூமாலை அண்ணி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான்.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்ததே கால் ஒடிந்ததால். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கரும்பு லோடு ஏற்றும்போது டிராக்டர் டிப்பரிலிருந்து வழுக்கி விழுந்தார். மாவுக்கட்டுப் போட்டு நாலு மாதம் கட்டிலில் கிடந்தார். அப்போது அவர் மகள் சுபஸ்ரீ ஒன்பதாவது படித்தாள். பள்ளிக்கூடத்தில் மேட்டித் துணியில் ஜோடிக் கிளி தைத்து வரச் சொல்லியிருந்தார்கள். மேட்டித் துணி என்றால் கட்டம் கட்டமாக நெய்த துணி. ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி மாதிரி நூலைப் போட்டுக்கொண்டு போனால் படம் வந்துவிடும். பிள்ளை ஒரு கிளியின் மூக்கை மட்டும் தைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். சும்மா படுத்திருந்த மனுஷன் அதை எடுத்துப் பார்த்தார். கட்டத்தை எண்ணினார். மூன்றாம் நாள் இரண்டு கிளியும் முடிந்துவிட்டன. ஒரு கிளிக்கு மட்டும் வால் மூன்று கட்டம் நீளம்.

டீச்சர் பார்த்துவிட்டு, உங்க அம்மா தச்சாங்களா என்று கேட்டாராம். அப்பா தச்சாரு என்று பிள்ளை உண்மையைச் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று டீச்சர் இரண்டு மார்க்கு குறைத்துவிட்டார்.

கால் சரியாகிக் காட்டுக்குப் போன பிறகும் அண்ணன் ஊசியை விடவில்லை. எப்படிண்ணே இவ்வளவு பொறுமை என்று ஒருநாள் கேட்டேன். "கரும்பு நடற மாதிரிதான்டா. ஒரு பாரு வரிசைய முடிச்சுட்டு அடுத்த பாருக்குப் போவணும். நடுவுல நிமிந்து, இன்னும் எவ்ளோ கீதுன்னு பாத்தா போச்சு" என்றார்.

பூமாலை அண்ணிக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. தெருவில் நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம். பிறகு பழகிவிட்டது. பழகினாலும் வாய் சும்மா இருக்காது. "மத்தவ வூட்டுல ஆம்பள ஊசி கேட்டா முள்ளு எடுக்கறதுக்கு. என் வூட்டுல கேட்டா பூப் போடறதுக்கு" என்று குழாயடியில் எல்லாருக்கும் சொல்லுவார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே நூல் கோத்துக்கொண்டிருப்பார். அண்ணிக்கு வலது புருவத்தில் நடுவே ஒரு வெட்டு உண்டு. சின்ன வயதில் மாடு முட்டின காயம். அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. கேலி பேசும்போது அந்தப் புருவம்தான் முதலில் மேலே போகும்.

வேலை இல்லாத நாளில் அண்ணன் எங்காவது கிளம்பிவிடுவார். தியாகதுருகம் மலைமேல் ஏறி உட்காருவார். கோமுகி அணைக்குப் போவார். கல்வராயன் மலையில் மேகம் அருவிக்கு என்னையும் இரண்டு முறை கூட்டிப் போயிருக்கிறார். பார்த்துவிட்டு வந்ததைத் துணியில் போடுவார். அந்த அருவியை அவர் வெள்ளை நூலில் தைத்து முடித்தபோது என் மனைவி பாப்பாத்தி பார்த்துவிட்டு, "இன்னா மாமா, சோத்துக் கஞ்சி வடிக்கிற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் கோபப்படவில்லை. துணியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அண்ணி அதை அடுப்படியில் சோற்றுப் பானைக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

நூல் வாங்க மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்குப் போவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வளையல், ரிப்பன் விற்கிற ஒரு சின்னக் கடை. அங்கே ஜெயசுதா என்று ஒரு பெண் நிற்கும். மற்றவர்கள் பச்சை, சிவப்பு என்று கேட்பார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பொருளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைப்பார். காய்ந்த மிளகாய் ஒன்று, மயில் இறகு ஒன்று, ஆவாரம்பூ நாலு. இதே கலர் வேணும்மா என்பார். ஒருமுறை பிரண்டைப் பழம் பையிலேயே நசுங்கிச் சட்டை முழுக்கக் கறையாகிவிட்டது. அந்தக் கறையைக் காட்டியே நூல் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் தையலில் ஒரு குறை உண்டு. முன்பக்கம் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பின்பக்கம் பார்க்கவே கூடாது. ஒரு இலை முடிந்ததும் நூலை வெட்டாமல் அப்படியே அடுத்த இலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். முடிச்சு, தாண்டல், சிக்கு என்று பின்னால் ஒரே காடாக இருக்கும். பின்னால யாருடா பாக்கப் போறாங்க என்பார். "முன்னாடி பூந்தோட்டம். பின்னாடி கோழி கெளறுன குப்பமேடு" என்பது அண்ணி அதற்கு வைத்த பெயர்.

முந்தின வருஷம் கார்த்திகையில் அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கொண்டுபோன அண்ணியை நாலு மணி நேரமாக வெளியே கொண்டுவரவில்லை. அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் துண்டின் ஓரத்து நூலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேற்கே எங்கள் குலதெய்வம் இருக்கிற மலைத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்ததால் என் காதில் விழுந்தது. "தாயே, அவ நடந்து வூட்டுக்கு வந்துட்டா, என் கையாலயே உனக்குத் திரை தச்சுப் போடறேன். ஆடிக்கு அவளையும் நடக்க வெச்சே கூட்டிக்கினு வரேன்."

அண்ணி பிழைத்து வந்தார். அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டாள். இனிமேல் நாம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் குலதெய்வம் பாறையம்மா. வெள்ளிமலை தாண்டி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கோபுரம் கிடையாது. மூன்று பக்கம் கல்லடுக்கு, மேலே தகரம், நடுவில் குடம் உயரத்துக்கு ஒரு கல். அதுதான் அம்மா. மஞ்சள் பூசுவோம், குங்குமம் வைப்போம். கண் இருக்கும் இடத்தில் பதிக்கிற வெள்ளிக் கண்மலர் கூட வைக்க மாட்டோம். எங்கள் அம்மாவுக்கு முகம் கிடையாது. முகம் இருந்தால் ஒரு பக்கம்தான் பார்ப்பாள், முகம் இல்லாதவள் எல்லாப் பக்கமும் பார்ப்பாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன்னால் ஒரு கம்பியில் திரை தொங்கும். பூசாரி செவ்வாய், வெள்ளி மட்டும் வந்து திரையை ஒதுக்கி விளக்கேற்றுவார். மற்ற நாளில் திரை மூடியே இருக்கும்.

அண்ணன் நல்ல மஞ்சள் துணி வாங்கினார். நாலு முழ அகலம். முதலில் ஒரு கிழிசல் துணியில் மாதிரிக்கு அம்மாவைத் தைத்துப் பார்த்தார். கல்லை அப்படியே தைத்து, மேலே ஒரு கிரீடம் போட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்த்த உடனே, "இன்னாண்ணே, மரவள்ளிக் கெழங்குக்கு கிரீடம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. அன்றைக்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் அண்ணன் மனதில் அது உட்கார்ந்துவிட்டது. மாதிரித் துணியை மடித்து வைத்துவிட்டார். இனி யாரிடமும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தார். அதற்கு வழக்கமும் துணையாக இருந்தது. நேர்ந்துகொண்ட பொருளை அம்மா பார்க்கும் முன்னால் வேறு யார் கண்ணும் பார்க்கக் கூடாது என்பது எங்களில் உண்டு.

அதனால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தைப்பார். எதிரே கட்டிலில் அண்ணி. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அண்ணி பாதி நாள் அந்தக் கட்டிலில்தான் இருந்தார். கீரை ஆய்வார், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உரிப்பார். நான் எப்போது உள்ளே நுழைந்தாலும் அண்ணன் துணியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கும் அண்ணிக்கும் தெரிந்ததெல்லாம் பின்பக்கம்தான். சிவப்பு நூல் எங்கிருந்தோ எங்கேயோ ஓடும். கறுப்பு நூல் கொத்தாகத் தொங்கும். அண்ணி மல்லாட்டை உரித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னைக்கு நாலு முடிச்சு ஜாஸ்தி ஆயிட்டுது மாமா என்று எண்ணிச் சொல்லுவார். அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்ப்பார். மறுபடி குனிந்து தைப்பார்.

மாசி மாதத்தில் நூல் வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அன்றைக்கு அவர் சட்டைப் பையில் ஒன்றுமில்லை. ஜெயசுதா என்ன கலர் வேண்டும் என்று கேட்டது. மாநிறம் என்றார். அந்தப் பெண் ஏழெட்டு நூலை எடுத்துப் போட்டது. இது கறுப்பு ஜாஸ்தி, இது வெளுப்பு, இது மண்ணு கலர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். கடைசியில் ஒரு கட்டு நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுதாம்மா. வெயில்ல நின்னுட்டு நெழலுக்கு வந்த மாதிரி" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாசியிலேயே தெரிந்திருக்கும்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு எல்லாரும் ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏறப் பிள்ளைகள் வாந்தி எடுத்தன. அண்ணன் திரையை வெள்ளை வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தார். வேன் நின்ற இடத்திலிருந்து நடந்தோம். அண்ணி வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று யாரோ கேட்டபோது அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நடக்க வைத்துக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாரே.

பூசாரி முனியன் மலைக்காரர். எழுபது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். நாங்கள் போனபோது அம்மாவுக்கு மஞ்சள் பூசி முடித்திருந்தார். பெண்கள் மூன்று கல் கூட்டிப் பொங்கலுக்கு அடுப்பு வைத்தார்கள். அண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து திரையை அம்மா முன்னால் பிரித்தார்.

அப்பா, என்ன ஒரு தையல். சுற்றிலும் மலை. மலை அடியில் கரும்புத் தோட்டம். ஒவ்வொரு தோகையும் தனித்தனியாக ஆடுகிற மாதிரி இருந்தது. ஓரத்தில் கோமுகி அணைத் தண்ணீர். நடுவில் அம்மா. அம்மாவுக்கு நெற்றி, கண், மூக்கு, மூக்குத்தி, வாய். தலையில் தங்க நூலில் கிரீடம்.

அம்மாவுக்கு முகம்.

முனியன் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார்.  பாப்பாத்திதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "புருவத்தப் பாருங்க" என்று மெல்லச் சொன்னாள். வலது புருவத்தில் நடுவே ஒரு நூல் அகலத்துக்குத் தையல் இல்லை.

எல்லாரும் பூமாலை அண்ணியைப் பார்த்தோம். அண்ணி தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நான் சத்தியம் செய்து சொல்லுவேன். அவர் துணியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கல்லாகத் தைத்தால் கிழங்கு மாதிரி வருகிறதே என்று கண் வைத்தேன், கண் வைத்ததும் மூக்கும் வாயும் வேண்டும் என்று துணி கேட்டது, கை தானாகப் போனது, யாரையும் நினைத்துத் தைக்கவில்லை என்று உளறினார். எட்டு மாதம் எதிரே இருந்த முகம் அது. நிமிர்ந்தால் அதுதான் தெரியும். வேறு எந்த முகம் வரும்?

முனியன் கடைசியில் வாயைத் திறந்தார். "எங்க ஆத்தாளுக்கு மொகம் இல்ல. மொகம் போட்டா அது ஆத்தா இல்ல, மனுசி. மனுசி தலையில கிரீடத்த வெச்சு, அது முன்னால நான் சூடம் காட்ட மாட்டேன். கொண்டுபோயிடு வேடியப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கொண்டுபோ என்றால் நேர்ந்துகொண்டது நிறைவேறவில்லை என்று அர்த்தம். அம்மா கொடுத்துவிட்டாள், நாம் கொடுக்கவில்லை. அப்படியென்றால் அவள் கொடுத்தது நம்மிடம் நிற்குமா? எல்லார் மனதிலும் அதுதான் ஓடியது. அண்ணியின் கை தானாக வயிற்றில் தையல் போட்ட இடத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

அண்ணன் அங்கேயே பாறைமேல் உட்கார்ந்தார். பையிலிருந்து பிளேடை எடுத்தார். முகத்தைப் பிரித்துவிடுகிறேன், ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றார்.  ஆயிரக்கணக்கான தையல் நிற்காமல் போட்ட கை, ஒரு நூலைக்கூட வெட்டாமல் நின்றது. அண்ணியின் முகத்தில் பிளேடு வைக்க வேண்டும் அல்லவா.

அண்ணி எழுந்து போய் அவர் கையிலிருந்து பிளேடை வாங்கினார். துணியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். குப்பைமேடு மேலே வந்தது. நூல் சிக்கும் முடிச்சும் தாண்டலுமாக.

"பூசாரி அப்பா, எனக்குப் படிப்பு கெடையாது. மனசுல பட்டதச் சொல்றேன்" என்றார். "எட்டு மாசமா நான் இந்தத் துணிய இந்தப் பக்கம்தான் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு இதுதான் முகப்பு. இதையே வெளிய போட்டுடுங்க. அந்தப் பக்கம் ஆத்தாளப் பாத்துக்கினு இருக்கட்டும். கிரீடத்த மட்டும் நான் பிரிச்சுடறேன். கிரீடம் போயிட்டா அது நான்தான? நான் ஆத்தா முன்னால நின்னு கும்புட்டா தப்பா?"

முனியன் துணியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். இதற்கு நான் பதில் சொல்ல முடியாது, அவளையே கேட்போம் என்றார். அரளிப்பூ இரண்டு எடுத்துத் தண்ணீரில் நனைத்து, கல்லின் வலப் பக்கம் ஒன்று, இடப் பக்கம் ஒன்று ஒட்ட வைத்தார். வலப் பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் அம்மாவுக்குச் சம்மதம். இடப் பக்கத்துப் பூ விழுந்தால் துணியைக் கொண்டுபோக வேண்டியதுதான்.

நாங்கள் நின்றோம். காற்று இல்லை. பொங்கல் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அதைப் பார்க்கக்கூட யாரும் திரும்பவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி மூடவில்லை. இடப் பக்கத்துப் பூ மெல்லச் சரிந்தது.  கொஞ்சம் சரிந்து, குங்குமத்தில் ஒட்டி நின்றுவிட்டது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வலப் பக்கத்துப் பூ சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

முனியன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாப்பாத்தி குலவையிட்டாள். அண்ணன் கண்ணைத் திறந்து, எது விழுந்தது என்று கேட்டார்.  அண்ணி அவர் வலது கையைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு அண்ணி அம்மா முன்னால் உட்கார்ந்து கிரீடத்தைப் பிரித்தார். அவர் அதற்கு முன்னால் அண்ணனின் துணியில் கை வைத்ததே இல்லை. அண்ணன் கிட்டே உட்கார்ந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று காட்ட வாயெடுத்தார். தேவைப்படவில்லை. எந்த முடிச்சு எப்போது விழுந்தது என்று அண்ணிக்குத் தெரியும். "இது பொங்கலுக்கு மொதநாளு போட்டது. இது சுபா வந்திருந்தப்ப போட்டது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முடிச்சாக வெட்டித் தங்க நூலை உருவினார். உருவின நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். முன்பக்கத்தில் கிரீடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அதன் கீழே தலை தெரிய வேண்டுமே, முடி இல்லாமல் மொட்டையாக நிற்குமே என்று நான் நினைத்தேன். அண்ணன் கறுப்பு நூல் கோத்து ஊசியோடு காத்துக்கொண்டிருந்தார். அங்கேயே வகிடு எடுத்துத் தலைமுடி தைத்தார். தைத்து முடிக்கும்போது பொங்கல் ஆறிப்போய்விட்டது.

முனியன் திரையைக் கம்பியில் மாட்டினார். கரும்பும் மலையும் அண்ணியும் அம்மாவைப் பார்த்து உள்ளே. சிக்கும் முடிச்சும் எங்களைப் பார்த்து வெளியே. சூடம் காட்டினார். அண்ணன் விழுந்து கும்பிட்டார்.

எழுந்து நின்றபோது அவர் முகத்தில் ஒரு சின்ன வாட்டம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எட்டு மாத உழைப்பு. அவ்வளவு அழகையும் நாங்கள் பார்த்தது அரை மணி நேரம். இனி அதைப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்க வந்தார்கள். அதில் ஒரு பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக மாட்டிவிட்டீர்களே, இது என்ன படம், ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டார். 

"அது எங்க வூட்டுப் படம் பெரியவரே" என்றார் அண்ணி. "ஆத்தாளுக்கு மட்டும்தான் தெரியும்."

இறங்கும்போது அண்ணி ஓரிடத்தில்கூட உட்காரவில்லை. விரலில் சுற்றின தங்க நூலை வேன் ஏறும்வரை கழற்றவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று அண்ணன் கேட்டதற்கு, உன் பேரனுக்குக் கிரீடம் வேண்டாமா என்றாராம். இப்போது அந்தப் பிள்ளையின் மஞ்சள் சட்டையில் ஒரு சேவல் இருக்கிறது. சேவலின் கொண்டை தங்க நிறம்.

அந்த ஆடிக்குப் பிறகு அண்ணனிடம் ஒரு மாற்றம். நூலை இழுத்துக்கொண்டு தாண்டுவதில்லை. ஒவ்வொரு இலை முடிந்ததும் வெட்டி, முடிச்சைத் தையலுக்கு அடியில் மறைத்துவிடுகிறார். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. போன வாரம் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து, பின்பக்கத்தை முதலில் காட்டினார். எது முன், எது பின் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன்.

அண்ணி முருங்கை மரத்தடியில் நின்று கீரை உருவிக்கொண்டிருந்தார். வந்து உறையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அந்தப் புருவம் மேலே போனது.

"சுத்தமாத்தான் கீது" என்றார். "ஆனா நான் எண்ணறதுக்கு ஒண்ணும் வெக்கலியே மாமா."

அண்ணன் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, பின்பக்கம் ஒரு மூலையில், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு, வெட்டாமல் இழுத்த ஒரு சிவப்பு நூல் இருந்தது.